கீழே நிற்கிறவன் சொல்

…மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறவனுக்கு என் வீட்டில் பெண் வேறு கேட்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் மடித்துக் கட்டிய சாரனை இறுக்கி, கண்ணை மூடி, ‘யா அல்லாஹ்’ என்று அக்கரைவரை கேட்கும்படி ஒரு கத்து, அப்புறம் லொறியிலிருந்து அரிசி மூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி தொப்பென்று ஒரு விழுகை… இதற்குப் பெயர் பாய்ச்சலா? சின்ன வயதிலிருந்து இந்தப் பாறையில் ஏறுகிறான் ஹாஷிம், இன்னும் மூக்கை விடவில்லை. பாய்வதென்றால் நான் பாய வேண்டும், கைகளைச் சேர்த்து, புயங்களால் காதை அடைத்து, கால் பெருவிரல்வரை நீட்டி, தலைகீழாக, தண்ணீருக்கு வலிக்காமல் உள்ளே போவேன், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நிற்கிற சனம் ஒரு கணம் மூச்சை அடக்கும், அது எனக்குக் கேட்கும். மூச்சை அடக்குவது எப்படியடா கேட்கும் என்று கணபதி ஒருமுறை கேட்டான், கரையில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளுக்குக் காவலிருக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது. இன்றைக்கும் பாலத்தில் கூட்டம் இருக்கிறது, பெருநாளுக்கு மறுநாள் அல்லவா, புதுச் சாரனும் புதுத் தொப்பியுமாகப் பாதி ஊர் அங்கேதான் நிற்கிறது, யானை குளிப்பதைப் பார்க்க மோட்டாரில் வந்த வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேரும் நிற்கிறார்கள், யானை அலுத்துப்போய் இப்போது எங்களைப் பார்க்கிறார்கள், அதில் ஒருத்தி கமராவைத் தூக்கி வைத்திருக்கிறாள். பார்க்கட்டும். யானைக்கும் எனக்கும் வித்தியாசம் தெரிந்தால் சரி.

ஹாஷிம் இன்னும் மேலே வரவில்லை, அடியில் துழாவிக்கொண்டிருக்கிறான். முதலில் குதிக்கிறவன் மூழ்கிப் பார்த்து ‘வா’ என்று சொன்னால்தான் அடுத்தவன் பாயலாம், இது எங்கள் மூவருக்குள் உள்ள சட்டம், மலேரியாக் காய்ச்சல் வந்த அந்த வருஷத்தில் உண்டானது. அந்த வருஷம் மழையில்லாமல் மகாவலி வற்றி, இந்தப் பாறைக்குக் கீழே நாங்கள் கால் நனையாமல் நடந்தோம், நடந்தபோதுதான் தெரிந்தது, இத்தனை காலமும் நாங்கள் பாய்ந்து விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல், இரண்டும் கோடரி மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன, நடுவில் ஒரு கட்டில் போடுகிற அகலம்தான் பள்ளம். கணபதி அங்கேயே குந்திவிட்டான். அன்றோடு சரி, அவன் பாயவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறான், எனக்குப் பயமாயிருக்கு, நான் வரல என்று, கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவன், எல்லாரிடமும் அப்படியே சொல்வான், யாரும் அவனைப் பார்த்துச் சிரிப்பதுமில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். நேற்று எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி என்று உம்மா அவனுக்கென்று தனியாகக் கோழி ஆக்கினார், வாங்கி வாங்கிச் சாப்பிட்டான், பயந்தவனுக்கு நல்ல பசி. பள்ளத்தில் மற்ற நாட்களில் ஆபத்தில்லை, மேலே நுவரெலியாப் பக்கம் பெய்தால்தான், ஆறு மரத்தையும் மூங்கிலையும் கொண்டுவந்து அந்த இடுக்கில் செருகிவிட்டுப் போகும், மேலிருந்து பார்த்தால் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர்தான் தெரியும். மூன்று நாளாக அங்கே மழை. ஆகையால் இப்போது என் மண்டை உடைவதும் உடையாததும் அந்த பஸ் ஓட்டுகிறவனின் ஒரு சொல்லில் இருக்கிறது… என்ன கேவலம்.

பஸ் ஓட்டுகிறவன்தான், வேறென்ன, கட்டுகஸ்தோட்டைக்கும் கண்டிக்கும் நடுவே முதலாளி ஒருவரின் பஸ்ஸை மேலும் கீழும் ஓட்டுகிறான், பெருநாளன்று அத்தர் பூசினாலும் பெற்றோல் நெடி போகாது. மூட்டையோடு ஒரு கிழவி வயல் வரப்பில் ஓடி வந்தால் போதும், பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான், உள்ளே அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போகிற உத்தியோகத்தர்கள் முணுமுணுப்பார்கள், இவன் பல்லைக் காட்டுவான், ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை, வேறு ஒன்றும் இல்லாதவனுக்கு அது சுலபம். நான் சீனியர் வகுப்புவரை படித்தவன், பரீட்சையில் தவறியது வேறு கதை, கண்டியில் கொழும்பு வீதியில் எங்கள் புடைவைக் கடையில் கதிரையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவன். இவனுடைய மாமி நேற்று ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, உம்மாவோடு அடுப்படியில் குசுகுசுத்து, ஹபீலாவைக் கேட்கிறாள். என் தங்கச்சியை. வாப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன், அந்த மனிதர் தாடியைத் தடவிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார், “நீதானே அவனோட திரியிற. நாளைக்கி இஷாத் தொழுகைக்குப் பொறகு எனக்கு ஒரு சொல் செல்லு. நல்லவன்டு நீ செல்லினா பேசுவோம், இல்லாட்டி விட்டுடுவோம்” என்றார். எங்களில் அப்படித்தான், மாப்பிள்ளையைப் பற்றி அவனோடு பழகினவனிடம் கேட்பார்கள், அவன் சொன்னதற்கு மேல் விசாரணை இல்லை. அவ்வளவு பாரத்தை என் நாக்கில் வைத்துவிட்டு வாப்பா தொழப் போய்விட்டார். ஹபீலா வேறு, ஒருநாளும் இல்லாத மாதிரி இன்று காலையில் அண்ணனென்று மதித்து என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து, நிலைப்படியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, “நானா, வாப்பா கேட்டா உள்ளதச் செல்லுங்க, வேற ஒண்டும் வேணாம்” என்றாள். உள்ளதாம். ஜன்னல் சீலை இடுக்கால் பஸ்ஸைப் பார்த்து ஒருத்தி மயங்கினால் அதுதான் உள்ளதா? நான் சொல்லப் போவதை இரவே யோசித்து வைத்துவிட்டேன், ‘பழக நல்லவன்தான் வாப்பா, ஆனா நம்ப ஏலாது’, அவ்வளவு போதும், எதில் நம்ப ஏலாது என்று வாப்பா கேட்கமாட்டார், மானமுள்ள மனிதர்கள் அப்படித் தோண்டிக் கேட்பதில்லை, ஒரு வசனத்தில் காரியம் முடிந்துவிடும். யோசிக்கும்போது நாக்கில் நன்றாக உருண்டது.

தலை தெரிகிறது. தண்ணீரை உதறிக்கொண்டு, கையை உயர்த்தி, ஹாஷிம் மேலே பார்க்கிறான், “நில்லு தாஸிம், பாயாத. மரமொண்டு செருகி ஈக்கி.” நில்லாம், பாயாதேயாம், உத்தரவு போடுகிறான்… பஸ்ஸில் மிதிபலகையில் தொங்குகிறவனுக்குச் சொல்வதுபோல. பாலத்தில் இருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள், அந்தக் கமராக்காரி கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாள், நான் விளிம்பில் விரல் பத்தையும் வைத்து நிற்கிறேன், இப்போது திரும்பி, பிட்டத்தைத் தேய்த்துக்கொண்டு, குரங்கு மாதிரிப் பாறையில் இறங்க வேண்டுமா, இவன் சொன்னான் என்பதற்காக? உண்மையில் மரம் இருக்கிறதா? மூக்கைப் பிடித்துக் குதித்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதே இடத்தில்தானே விழுந்தான். நான் அழகாகப் பாய்வதை அவன் விரும்பமாட்டான், எவன்தான் விரும்புவான், என்னை இத்தனை பேருக்கு முன்னால் இறக்கிவிட்டால் அவனுக்கு ஒரு சந்தோஷம். கணபதி கீழேயிருந்து, “எறங்கி வந்துருடா, தண்ணி நல்லால்ல” என்கிறான், அவனுக்கு எந்தத் தண்ணீர்தான் நல்லது. பாய்ந்துவிட்டால் என்ன, எப்போதும் பாய்கிற இடத்துக்கே, அவன் பேச்சைக் காதில் வாங்காத மாதிரி… பாயவென்று முழங்கால் ஒரு கணம் மடங்கியது, அப்புறம் நிமிர்ந்துவிட்டது, ஏன் நிமிர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஹாஷிம் மறுபடி மூழ்கிவிட்டான். யார் சொன்னார்கள் மூழ்கச் சொல்லி? மரம் இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது, அவன் வேலை முடிந்தது, கரையேறி மீதி வட்டிலப்பத்தைத் தின்ன வேண்டியதுதானே. தண்ணீர் அவன் போன இடத்தை மூடி, சுழித்து, ஒன்றுமே நடக்காதது போலப் பாலத்துக்குக் கீழே போகிறது. இவ்வளவு நேரம் யாரும் உள்ளே இருக்கமாட்டார்கள். கணபதி எழுந்துவிட்டான், மடியிலிருந்த என் சட்டை ஈரத்தில் விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை, இஸ்திரி போட்ட சட்டை, மடையன். கிளையில் சாரன் மாட்டியிருக்குமோ… மாட்டி, வெளியே வரவே இல்லை என்றால்… இன்று இரவு நான் வாப்பாவிடம் ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்காது. அந்த நினைப்பு வந்தது. கெட்ட நினைப்பு என்று தெரிந்தும் அதைத் துரத்தவில்லை, சற்று நேரம் வைத்துப் பார்த்தேன், அதில் கண்ணீர் வடிக்கிற கூட்டத்தில் நானும் நிற்பேன், அவனைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தாங்குவேன், ஹபீலா உள்ளே… ஹபீலாவின் முகம் வந்ததும் நினைப்பு நின்றுவிட்டது.

வந்துவிட்டான். வந்த இடம் வேறு, பாறையை ஒட்டி, எனக்கு இடப்பக்கமாக, தோளில் தோல் வழண்டு சிவப்பாகத் தெரிகிறது, மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது. “அசையுதில்ல மச்சான். இந்தப் பக்கம் எடம் ஈக்கி, நான் நிக்கிற எடத்துக்கு நேராப் பாய், நான் வெலகுற. நீ கொஞ்சம் தவறினாலும் கல்லு” என்றான். தலை மட்டும் தெரிகிறது, கறுத்த, நனைந்த, சாதாரணத் தலை, அதைக் குறியாக வைத்து நான் பாய வேண்டும், தலைகீழாக, அவனுக்கு இருந்த இடத்தில் எனக்கும் இடம் இருக்கிறது என்று நம்பி. நம்புவதா… என்று நான் கேட்டுக்கொள்ளத் தொடங்கியதுதான், அதற்குள் பாறை காலுக்குக் கீழே இல்லை. கேள்வி மேலேயே நின்றுவிட்டது, நான் கீழே வந்துகொண்டிருந்தேன். வயிறு தொண்டைக்கு ஏறி, காற்று காதில் சீறி, பாலமும் வானமும் புரண்டு, உடம்பு முழுவதும் ஒரே ஆனந்தம், இந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இந்தப் பயல்களைச் சகித்துக்கொண்டு வருகிறேன், இந்தக் கணத்தில் நான் யாருடைய மகனுமில்லை, எதிலும் தவறினவனுமில்லை. பிறகு குளிர், இருட்டு, இரைச்சல். வலது கையில் ஒரு சொரசொரப்பு உரசிக்கொண்டு போனது, பட்டை, கிளை, பெரிய மரம்தான், கையை நீட்டியிருந்தால் கட்டிப் பிடித்திருக்கலாம், எப்போதும் பாய்கிற இடத்தில் நெடுக்காக, முனையை மேலே காட்டிக்கொண்டு… அவன் பொய் சொல்லவில்லை.

மேலே வந்து கண்ணைத் திறந்தபோது பாலத்தில் யாரோ கைதட்டினார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. ஹாஷிம் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மிதந்தான், இருவருக்கும் நடுவில் நுரையும் இலைகளும். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று பேசுகிற குரலில், “ஒன்ட வாப்பா ஒன்னத்தான் கேப்பாரு. நீ வேணாண்டுதான் செல்லுவ, எனக்குத் தெரியும்” என்றான். மறுக்க வாயெடுத்தேன், ஆற்றுத் தண்ணீர்தான் வாய்க்குள் போனது. “அது ஒன்ட இஷ்டம்” என்றான், அவ்வளவுதான், திரும்பி நீந்திப் போய்ப் பாறையைப் பிடித்தான். தெரிந்திருந்ததா? எப்போதிருந்து? நேற்று மாமியை அனுப்பும்போதே தெரியுமா, இன்று எனக்கு முன்னால் மூக்கைப் பிடிக்கும்போது தெரியுமா, இரண்டாவது தடவை மூழ்கும்போது? தெரிந்துகொண்டே மூழ்கினானா… எவ்வளவு அசிங்கமான ஆள். திட்டியிருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம், கையெடுத்துக் கும்பிட்டிருந்தால்கூட நான் சந்தோஷமாக அவனை வேண்டாம் என்றிருப்பேன். அப்படி ஒன்றுமே செய்யாமல் எனக்கு என்னதான் விட்டுவைத்திருக்கிறான்?

மறுபடி ஏறுகிறான். வழண்ட தோளோடு, பிடிப்புகளைப் பார்க்காமலே பிடித்து, இருட்டில் வீட்டுக்குள் நடக்கிறவன் மாதிரி ஏறுகிறான். இப்போது தண்ணீரில் நிற்பவன் நான். சட்டப்படி நான் மூழ்கிப் பார்த்து, நான்தான் சொல்ல வேண்டும். மேலே போய்விட்டான், விளிம்பில் கால்களை வைத்துவிட்டான், அண்ணாந்து பார்த்தால் பாதங்களும் முகவாயும்தான் தெரிகின்றன, கீழே பார்க்கக்கூட இல்லை, பாலத்தடியில் குளிக்கிற யானைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். மூழ்கினேன். மரம் அங்கேயே இருக்கிறது, ஆனால் என் பாய்ச்சலில் அசைந்ததா, அடிப்பக்கம் இந்தப் பள்ளத்துக்கு நகர்ந்ததா, கையால் தடவினால் ஒன்று சொல்கிறது, காலால் தடவினால் வேறொன்று சொல்கிறது. வெளியே வந்தேன், ‘வா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வரவில்லை. இடம் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். என் கண்ணால் பார்த்தேனா, அல்லது இருக்கட்டும் என்று… இல்லாவிட்டால் நல்லது என்று உள்ளே ஏதாவது… சற்றுமுன் மேலே நின்று நினைத்தவன் நான்தானே, அவன் எங்கே போய்விட்டான், இங்கேதான் என்னோடு மிதக்கிறான். இன்னொரு தடவை மூழ்கினேன், நுரையீரல் வெடிக்கும்வரை ஒவ்வொரு கிளையாகத் தொட்டுப் பார்த்தேன், நகம் பிய்ந்தது. மேலே வந்தும் சொல்ல முடியவில்லை. கணபதி கரையிலிருந்து ஹாஷிமைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்துக்கொண்டு அண்ணாந்தேன். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கிறான், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால்தான் என்ன, கேட்கமாட்டான்… என்னைப் போய் நம்புகிறானே, முட்டாள்.