சைக்கிளைவிட வயது குறைந்தவை

1

சில்வோவுக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அதை எழுதாமல் தப்பிப்பதற்காகத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். கதைகள் பிறக்க இதைவிட உயர்ந்த காரணங்கள் இருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான்.

இன்று ஞாயிறு, மதியம் இரண்டே கால். ஐந்து மணிக்கு அவர் கடிதத்தை வாங்கிப்போக வருவார். நாளைக் காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. சாலைப் பராமரிப்பில் இருபத்தேழு வருடம் உழைத்த மனிதருக்கு அந்த வேலை தங்குமா போகுமா என்பது அங்கே முடிவாகும். கடிதத்தில் அவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பாலத்தில் பழுதான கைப்பிடிச் சுவருக்கு முன்னால் வெள்ளிக்கிழமையே தடுப்பு வைத்துவிட்டேன். அரைப் பக்கம்கூட வராது. கடல் கடந்து வந்து பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இவர்கள் மொழியில் மின்வாரியத்தோடு சண்டையே போட்டிருக்கிறேன். இந்த அரைப் பக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

சரி, கதைக்குப் போவோம்.

2

முதல் தொடக்கம்: "மே மாதக் காலை வெயிலில் சோச்சா ஆறு பச்சைக் கண்ணாடியாக—"

வேண்டாம். இந்த ஆற்றைப் பார்க்கிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சுற்றுலாத் துறைக்கு ஆள் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "ஸ்டோயானின் சைக்கிளுக்கு அறுபத்தாறு வயது. ஸ்டோயானைவிட மூன்று வயது மூப்பு."

இது தேவலை. ஸ்டோயான் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர், எங்கள் பழைய சைக்கிள் சங்கத்தின் தலைவர். ஏழு பேர் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு, பழைய இரும்புச் சைக்கிள்களில் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுவோம். பாலம் வந்தால் நிறுத்திப் படம் எடுப்போம். பன்னிரண்டு பாலம், பன்னிரண்டு சைக்கிள், டிசம்பரில் ஒரு நாட்காட்டி. படம் எடுப்பது என் வேலை.

(இங்கே விதிகளைச் சொல்லியாக வேண்டும். அவை இல்லாமல் நடந்தது புரியாது. செயின் இருக்கிற பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும். முட்டுக் கொடுக்கக் கூடாது, சைக்கிள் தானாக நிற்க வேண்டும். எப்படி நிற்கும்? சொந்தக்காரர் சீட்டைப் பிடித்துக்கொள்வார். மூன்று எண்ணியதும் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கிப் படத்திலிருந்து விலகுவார். அந்த ஒரு நொடியில் நான் அமுக்குவேன். விழுவதற்குள் அவர் பாய்ந்து பிடித்துவிடுவார்.)

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. படத்தில் சைக்கிளைவிட வயது குறைந்த எதுவும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் புட்டி, ஹெல்மெட், கார் எதுவும் ஆகாது. குப்பைத் தொட்டியின் மேல் ஆறு பேர் சட்டையைக் கழற்றிப் போட்டு மூடியிருக்கிறோம். ஸ்டோயான் இதில் ராட்சசன்.

"வேனி, உன் நிழல் விழுது பாரு. தள்ளு."

என் பெயர் அம்சவேணி. இவர்கள் நாக்குக்கு இவ்வளவுதான் வரும்.

"நிழலுக்கெல்லாமா வயசு பாப்பீங்க?"

"பின்ன? சைக்கிளவிட நீயே சின்னவ, உன் நிழல் மட்டும் பெரிய மனுஷியா?"

இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் பழகினோம். அதை எழுதும்போது கை எழுதிக்கொண்டே போகிறது. அடுத்ததற்கு வந்தால் நின்றுவிடுகிறது.

3

"அன்று மற்றவர்களுக்கு முன்னால் நான் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்து—"

"வெளிச்சம் எப்படி என்று பார்க்கலாமென நான் முதலில்—"

"பாலத்தில் அப்போது யாரும்—"

மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் விட்டுவிட்டேன். அடிக்காமல் அப்படியே வைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே இடத்துக்கு முன்னால் வந்து மாடு மாதிரி காலை ஊன்றிக்கொள்கிறது.

இழுத்துவிடுகிறேன். பாலத்தின் இடது முனையில், சுவரை ஒட்டி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு நின்றது. அதன் இரண்டு காலின் மேலும் மணல் மூட்டை. ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்தேன். கல் பாலம், பின்னால் மலை, எல்லாம் அவ்வளவு அழகு, மூலையில் அந்த ஆரஞ்சு மட்டும் பல்லை இளித்தது. ஐந்து நிமிடம்தானே, எடுத்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பாலம் தொடங்குகிற இடத்தில் சிறு குகைபோல் கட்டியிருக்கிற மாதா கெபிக்குப் பின்னால் போட்டேன். பிறகு தடுப்பையும் இழுத்துக்கொண்டுபோய் அங்கேயே சாய்த்தேன்.

தடுப்பில் 'ஆபத்து' என்று எழுதியிருந்தது. படித்தேன். படிக்கவில்லை என்று எழுத ஆசைதான்.

ஸ்டோயான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மற்ற ஐவரும் பின்னால் மேட்டில் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடேங்கப்பா, சுத்தமா இருக்கே! இன்னிக்கு ஒரு குப்பையும் இல்ல."

"சீக்கிரம் நில்லுங்க, வெயில் ஏறுது."

"என்ன அவசரம்? அறுபத்தாறு வருஷமா நிக்குது, இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்காதா?"

ஒன்று, இரண்டு, மூன்று. விட்டார், பின்வாங்கினார், நான் அமுக்கினேன். சரியாக வந்ததா என்று திரையைப் பார்த்தேன். "இன்னொண்ணு" என்றேன். இரண்டாவது முறை விட்டுப் பின்வாங்கியவர், கையைச் சுவரில் ஊன்றினார். வியாழக்கிழமை லாரி இடித்து ஆட்டம் கண்டிருந்த கல் அது. கல்லோடு அவரும் போனார். கீழே சரிவில், நாலு மீட்டர்.

சைக்கிள் மட்டும் ஒரு கணம் தனியாக நின்றது. பிறகு ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

4

(இந்தப் பகுதியில் நான் என்னை நல்லவளாகக் காட்டப் பார்ப்பேன். கவனமாகப் படியுங்கள்.)

ஸ்டோயானுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, தோள் நொறுங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டார். நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சூப் கொண்டுபோகிறேன், பேப்பர் வாசித்துக் காட்டுகிறேன். பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்: அன்று போலீஸ்காரர் கேட்டார், "தடுப்பு எதாவது இருந்துச்சா?" நான், "கவனிக்கல" என்றேன். நிழலைக்கூடக் கவனிக்கிற சங்கத்துக்குப் படம் எடுக்கிறவள். அன்று மாலையே, ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து, அந்தச் சோதனைப் படத்தைக் கேமராவிலிருந்து அழித்தேன்.

தடுப்பும் மூட்டைகளும் கெபிக்குப் பின்னால் கிடைத்தன. விசாரிக்க வந்த அதிகாரிகள் அதற்கு ஒரு கதை கட்டினார்கள், என் கதையைவிடக் கச்சிதமாக: வெள்ளிக்கிழமை சில்வோ தடுப்பைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார், நிறுத்திவைக்கச் சோம்பல்பட்டு அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மணல் மூட்டை காற்றில் பறக்காது அல்லவா?

மூன்று வாரம் ஓடிவிட்டது. இந்த வியாழக்கிழமை சில்வோ என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஐம்பத்தைந்து வயது. நாங்கள் அவ்வளவு பழக்கமில்லை, ரோட்டில் பார்த்தால் கை காட்டுவோம்.

"நீங்க எழுதுறவங்கன்னு சொன்னாங்க. எனக்கு எழுத்துன்னாலே கை நடுங்கும். ஒரு கடுதாசி எழுதிக் குடுப்பீங்களா?"

"என் இலக்கணம் உங்க மொழியில அவ்வளவு சுத்தமா இருக்காது, சில்வோ."

"என்னோடத விடச் சுத்தமா இருக்கும், பயப்படாதீங்க." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார். "அன்னிக்கு நீங்கதான மொதல்ல வந்தீங்க? தடுப்பு இருந்துச்சா?"

"கவனிக்கல."

"ம். எல்லாருமே இல்லங்கிறாங்க. நான் வச்சேன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்கப்பாவுக்கு இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது. அதான் ஒரு மாதிரி இருக்கு."

அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். வேலை போவதைவிடப் பெரிய ஒன்றை அந்த மனிதரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

5

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

அ) கடிதத்தில் அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "தடுப்பை வைத்தேன், யார் எடுத்தார்கள் என்று தெரியாது." நாளை யாரும் நம்பப்போவதில்லை. வேலை போகும். நான் ஓர் உதவி செய்தவளாக ஊரில் நடமாடுவேன். மிகவும் இயல்பான முடிவு. எழுத்தாளர்கள் இதைத்தான் 'நிதானமான முடிவு' என்பார்கள்.

ஆ) கடிதத்தின் கீழே, தடுப்பை எடுத்தது நான்தான் என்று என் பெயரில் ஒரு பத்தி சேர்க்கிறேன். பிறகு ஸ்டோயானின் முகத்தைப் பார்க்க வேண்டும். நேற்று அவர் படுத்தபடியே கேட்டார், "கடைசிப் படத்துல செயின் பக்கம் சரியா விழுந்துச்சா?" சரியாக விழுந்திருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் எனக்கென்று இந்த ஊரில் அமைந்தது இந்த ஆறு பேர்தான். அவர்களை இழந்தால் நான் இங்கே யார்?

இ) சில்வோ உண்மையிலேயே சோம்பேறி என்று பாத்திரத்தை மாற்றிவிடலாம். கதைதானே? கொஞ்சம் குடிக்கிறவர், வேலையில் அசட்டை, மனைவியிடம் கத்துகிறவர். இரண்டு வரி எழுதியும் பார்த்தேன். வாசகரே, அந்த இரண்டு வரியும் அபாரமாக வந்திருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

6

மணி நாலே கால். இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. மூன்றாம் பகுதியை எழுதி முடித்தபோது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாக நெஞ்சு கொஞ்சம் லேசானது. சுத்த ஏமாற்று. உங்களிடம் சொன்னதால் சில்வோவுக்கு என்ன? நீங்கள் நாளை பத்து மணிக்கு அந்த அறைக்கு வந்து சாட்சி சொல்லப்போகிறீர்களா?

மணி அடிக்கிறது. வாசல் மணி. முன்னாடியே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருக்கிறார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நல்லதாப் போச்சு. வேற மாதிரி எழுதணும், வேனிம்மா. வைக்கலன்னு எழுதிடுங்க. மறந்துட்டேன்னு."

"ஏன் சில்வோ?"

"யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். மூட்டையத் தூக்கி வச்ச மாதிரி கையில ஞாபகம் இருக்கு. ஆனா அது வேற வருஷமோ, வேற பாலமோ. இத்தன பேர் பொய்யா சொல்வாங்க? டாக்டர்கிட்ட செவ்வாக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கேன். ஸ்டோயான்கிட்டயும் போயி மன்னிப்புக் கேக்கணும்."

தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தேன். மணி அடித்ததிலிருந்து இதுவரை உள்ள வரிகள் அவர் கண்ணெதிரே எழுதியவை. தன் கடிதத்தைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். இப்போது நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அருகில் வருகிறார்.

"மொதல்ல உங்க மொழியில எழுதிப் பாத்துக்குவீங்களா?"

"ம்."

"சுழிச்சுச் சுழிச்சு அழகா இருக்கு. இதுல எம்பேரு எது?"

காட்டினேன். அதே வடிவத்தைத் தாளில் தேடி, ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணுகிறார்.

"இத்தன தடவை வர்றேனா நான்? மறந்துட்டேன்னு சொல்ல இவ்வளவு எழுதணுமா?"

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நிமிர வேண்டும்.

"வேனிம்மா, போதும். என்ன எழுதியிருக்கீங்கன்னு எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

படித்துக்காட்டுவது அவர் மொழியில்தான் நடக்கும், அதனால் உங்களுக்கு இதற்கு மேல் கிடையாது. முதல் வரியிலிருந்து படிப்பேனா, தாளைப் பார்த்தபடி அவர் கேட்ட பொய்யையே வாசிப்பேனா, இதுவரை என்னைப் பார்த்ததை வைத்து நீங்களே சொல்லுங்கள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பேனாவை மூடுகிறேன்.