இரண்டு கொட்டில், ஒரே தீனி

ஆய்வகத்திலிருந்து வந்த தாளை டாக்டரம்மா மூன்று தரம் படித்தாள். இடது கொட்டிலில் ஆளிவிதை கலந்த தீனி தின்ற பன்றிகள், வலதில் வெறும் தீனி தின்றவை. ஒவ்வொன்றிலும் ஆறு பன்றியை அறுத்துப் பார்த்தாயிற்று. இரண்டு பக்கக் கறியிலும் நல்ல கொழுப்பு ஒரே அளவு!

தராசுத் தட்டு இரண்டும் சமமாக நின்றால் கடைக்காரனுக்குச் சந்தோஷம். ஆராய்ச்சிக்கு வித்தியாசம்தான் சரக்கு. தீனியை மாற்றினால் பன்றிக்கறி உடம்புக்கு இன்னும் நல்லதாகும் என்று காட்டினால் பண்ணை பிழைக்கும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை லாரி வந்து மிச்சப் பன்றிகளைக் கசாப்புக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும்.

கொட்டிலுக்கு இறங்கினாள். தீனி போடுகிறவர், எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடுபவர், இரண்டு கொட்டிலின் மூட்டைகளையும் ஒரே தொட்டியில் கவிழ்த்து மண்வெட்டியால் கலந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"தீனி கலக்குறேன். தினமும் பண்றதுதானே?"

"தினமுமா!"

"மொத நாள் நீங்க சொன்ன மாதிரி தனித்தனியாத்தான் போட்டேன், டாக்டரம்மா. வலது பக்கத்துப் பயலுங்க சுவத்து மேல மூக்கை வெச்சுகிட்டு என்னையே பாக்குதுங்க. எனக்குச் சோறு எறங்கல. ஒரே கூரைக்கு அடியில ரெண்டு பந்தியா? அளவுல ஒரு கைப்பிடி குறைச்சிருந்தா கேளுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நல்லது பண்றதைத் தமுக்கடிச்சா சொல்லுவாங்க?"

அவள் மூட்டைமேல் உட்கார்ந்தாள். அறிக்கையில் நாலு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. அந்த வித்தை தெரியாதவளில்லை. மனசு வரவில்லை. இயக்குநருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"மறுபடி மொதல்ல இருந்து பண்றேன் சார். ஆறு மாசம் குடுங்க."

"லாரி சொல்லியாச்சும்மா."

"நாலு மாசம்?"

"லாரி சொல்லியாச்சு."

"ஒரு மாசமாச்சும் சார்..."

"ஒரு மாசத்துல கீரைதாம்மா வளரும்."

எதிராளி ஒரு விலையாவது சொன்னால்தான் பேரம். இந்த மனுஷனோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்ட சந்தை வியாபாரி. போனில் சத்தம் நின்றது.

மீசைக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "ரெண்டு பக்கமும் ஒண்ணாவே வந்துச்சாமே? பாத்தீங்களா, வஞ்சனை இல்லாம போட்டா வஞ்சனை இல்லாம வளருது! அப்ப பண்ணைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே? இந்த முழங்காலை வெச்சுகிட்டு நான் வேற எங்க போய் நிக்கிறது?"

அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"போன்ல ஏதோ லாரின்னு கேட்டுச்சே, தீனி லாரியா?"

வலது கொட்டிலின் சுவர்மேல் பதினாலு மூக்கு வரிசையாக நின்றது.

"நல்லவேளை," என்றார் மீசை, பதிலுக்குக் காத்திராமல். "ஆளிவிதை தீரப்போகுதேன்னு பயந்துட்டிருந்தேன். சரி, இன்னைக்காவது பிரிச்சே போட்டுடட்டா? உங்களுக்குக் கோவம்போல."

"கலந்தே போடுங்கண்ணே," என்றாள். "நிறைய போடுங்க."