தளர்ந்த இரண்டாவது கம்பி

டொலிடோ நகரத்துப் பெட்ரோல் பங்கில் டுவேன் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "டேய், ஹாட் டாக்ல வெங்காயம் போடாதடா, வேன்ல நானும் மூச்சு விடணும்" என்பதுதான். அன்று மாலை மேடை ஏறுமுன் அவன் இதயம் நின்றுவிட்டது.

எங்கள் ராக் குழுவில் அவன் கிதார் வாசித்துப் பாடுவான், நான் டிரம்ஸ். பதினேழு வருடத்தில் ஐந்து ஆல்பம் போட்டோம். மூன்று ரெக்கார்டு கம்பெனிகள் எங்களைத் துரத்திவிட்டன. ஓடியது ஒரே பாட்டு. அதைப் பதிவு செய்தபோது டுவேன் போதையில் இரண்டாவது கம்பியைச் சரியாக முறுக்கவில்லை. பாட்டு ரேடியோவில் பிய்த்துக்கொண்டு போனதால், பிறகு எல்லா மேடையிலும் அந்தக் கம்பியை வேண்டுமென்றே தளர்த்தினான்.

டேட்டனில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் லாண்டன் என்ற இளைஞன் அவன் இடத்தில் வாசித்தான். அந்தப் பாட்டு டுவேனுடையதாகவே கேட்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. லாண்டனோ சுத்தமாகச் சுருதி சேர்த்திருந்தான். நாலு வரிக்குள் அது தேவாலயப் பாட்டாகிவிட்டது. நான் அடிப்பதை நிறுத்தினேன்.

"ரெண்டாவது கம்பிய இறக்குப்பா."

"தப்பா கேக்குமே, பெருசு."

"தப்புதான். அந்தத் தப்ப வச்சுத்தான் இத்தன வருஷம் வயித்தக் கழுவினோம்."

இறக்கினான். மறுபடி தொடங்கினோம். கூட்டம் எப்போதும்போல எங்களுக்கு அரைத் தாளம் முந்தியே பாடியது.