ஜாடிக்கு வந்த நாத்தனார்

ஊரில் உள்ள பெண்களெல்லாம் நாத்தனார் இல்லாத வீடாகப் பார்த்து வாழ்க்கைப்பட ஆசைப்பட, இல்லாத நாத்தனாரைத் தானே வரவழைத்துக்கொண்ட புண்ணியவதி டோக்கன் ஒருத்திதான். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை டோக்கன் எண்ணைக் கூவிக் கூவி, அவளுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பகல் முழுக்க ஊசி போட்டு மரத்துப்போன வாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே ஊசி போடாமலே மரத்துப்போன வாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது அவள் கணவருடையது.

மனிதர் கெட்டவரில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிற வேலை. சக்கரம் சுற்றுகிற சத்தத்தில் யாரும் பேச முடியாது, பேசினாலும் கேட்காது. இருபது வருஷம் அப்படியே இருந்து பழகிவிட்டார். 'ம்', 'வேணாம்', 'லைட்ட அணை'. இவ்வளவுதான் வாரம் முழுவதற்கும் அவருடைய அகராதி.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கதை வேறு. இருவரும் கடைத்தெருவுக்குச் சாப்பிடப் போவார்கள். முதல் கிளாஸ் சிவப்பு ஒயினுக்கு அவர் புருவம் அசையும். இரண்டாவதுக்கு நாக்கு அசையும். மூன்றாவது உள்ளே போனால் ஆளே வேறு. கடைக்கு வந்து எல்லாக் கண்ணாடியையும் போட்டுப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போகிறவர்களை நடித்துக் காட்டுவார், அவரே சிரிப்பார், அவள் கையைத் தட்டுவார். அந்தப் பேச்சை வைத்துத்தான் டோக்கன் அடுத்த ஆறு நாளை ஓட்டினாள்.

சிக்கல் ஜாடியில் இருந்தது. தெருவிலிருந்து நாலு படி இறங்கிப் போகிற படிக்கட்டுக் கடையில், மூலையில் இருக்கும் பீப்பாயிலிருந்து மண்ஜாடியில் பிடித்துத் தருவார்கள். விலை மலிவு. ஒயினும் மோசமில்லை. முதல் வாய்க்கு முறைக்கும், இரண்டாவது வாய்க்குச் சிரிக்கும். ஆனால் மூன்று பேருக்குக் குறைந்த மேஜைக்கு ஜாடி கிடையாது. இரண்டு பேர் என்றால் கிளாஸ் கணக்குத்தான். அதே ஒயின், கொள்ளை விலை. கட்டுபடியாகாமல் ஆளுக்கு ஒன்றோடு எழுந்தால் அவர் புருவத்தோடு நின்றுவிடுவார். தெருவிலிருந்த மூன்று உணவகங்களிலும் இதே சட்டம்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை அந்தப் பொய் பிறந்தது.

"எத்தன பேர் மேடம்?" என்று கேட்டார் மீசைக்கார சர்வர்.

"மூணு பேர். இவரோட அக்கா பின்னாடியே வர்றாங்க. நீங்க ஜாடியக் கொண்டாங்க."

கணவர் அவளைப் பார்த்தார். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து வளர்ந்தவர்.

"எந்த அக்கா?" என்றார் சர்வர் நகர்ந்ததும்.

"ஜாடி அக்கா. சும்மா இருங்க."

மூன்று தட்டு, மூன்று கிளாஸ், நிறைந்த ஜாடி. அக்கா வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையாம். அதற்கடுத்த வாரம் முழங்கால் வலி. பிறகு வேலை முடியவில்லை. அக்கா ஒரு துணிக்கடையில் கோட்டுக்குப் பித்தான் தைக்கிறவள், வெங்காயம் ஆகாது, சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று டோக்கன் வாரத்துக்கு ஒரு செங்கலாக வைத்துக் கட்டினாள். ஜாடி பாதியானதும் கணவரும் சேர்ந்துகொள்வார். அவளுக்கு அது தேனாக இருந்தது. இரண்டு பேராக உட்கார்ந்து ஒரு ஆளைச் செய்வது எந்தத் தம்பதிக்குத்தான் பிடிக்காது?

"இடது காது சரியாக் கேக்காது அவளுக்கு," என்றார் அவர் ஒருநாள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "சின்ன வயசுல காய்ச்சல் வந்து போச்சு."

"அடேங்கப்பா, இது எப்ப யோசிச்சீங்க?"

அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. யாரோ சொல்லித் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டு மீனைப் பார்த்தார்.

பாலத்தருகே புதிதாக ஒரு உணவகம் திறந்தார்கள். சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. இவர்கள் உள்ளே நுழைந்து வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த சர்வர் மூன்று கிளாஸ் வைத்தார்.

"சாரோட அக்கா இன்னைக்கும் லேட்டா?"

டோக்கனுக்கு முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. பிறகு சமாளித்துக்கொண்டாள். சர்வர்களுக்குள் பேச்சு இருக்காதா? ஒரே டீக்கடையில் நின்று ஊர்க்கதை பேசுகிறவர்கள்தானே! தன்னைப்போல் ஊர்வாயை அளக்கிறவளுக்கே இது தெரியாதா என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். அந்தச் சர்வர் ஜாடியை வைக்கும்போது, காலி நாற்காலியின் வலது பக்கமாகக் குனிந்து, "ரொட்டி சூடா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னதை மட்டும் அவளால் எந்த டீக்கடையிலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

அன்று எழுந்திருக்கும்போது மூன்றாவது கிளாஸின் விளிம்பில் உதட்டுத் தடம் இருந்தது. மூன்றாவது தட்டில் மீன்முள் ஒழுங்காக ஓரம் கட்டி வைத்திருந்தது. வெங்காயமெல்லாம் தனியாக ஒதுக்கியிருந்தது.

"ஏங்க, இத யாரு சாப்பிட்டா?"

"பசிச்சிருக்கும்," என்றார் அவர், கோட்டை மாட்டிக்கொண்டே.

அடுத்த வாரம் படிக்கட்டுக் கடைக்கே போனார்கள். மேஜையில் ஏற்கெனவே ஜாடி. ஒரு கிளாஸில் பாதி ஒயின் குறைந்திருந்தது. டோக்கன் மீசைக்காரரை மறித்தாள்.

"இது யாரோட கிளாஸ்?"

"என்ன மேடம் வெளாட்டு? இப்பத்தான கை கழுவப் போனாங்க."

கை கழுவும் அறை சமையலறைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவுதான். டோக்கன் கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. குழாயிலிருந்து கடைசிச் சொட்டு அப்போதுதான் விழுந்தது. சோப்பில் நுரை இன்னும் உடையவில்லை. துவாலையைத் தொட்டாள், நனைந்திருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. சன்னல் கிடையாது, வேறு கதவும் கிடையாது. வெளியே எங்கேயோ, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, ஒரு பெண் சிரித்தாள்.

ஓடிவந்து பார்த்தால் கணவர் காலி நாற்காலி பக்கமாகச் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஜாடி இன்னும் முக்கால்வாசி இருந்தது. முதல் கிளாஸ் முடியவில்லை, அதற்குள் நாக்கு முழுசாக அவிழ்ந்திருந்தது. இவள் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ம்."

அந்த 'ம்' அவளைக் குத்திவிட்டது. பேய்க்குப் பயப்படுவதற்குக்கூட அவளுக்கு நேரமில்லை, வயிறு எரிந்தது. ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்து, பொய் சொல்லி, ஜாடி வாங்கி, கடைசியில் பேச்சு முழுவதும் நாத்தனாருக்கு! வீட்டுக்கு நடக்கையில் அவர் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் 'லைட்ட அணை' என்பதும் நின்றுபோய், அவரே எழுந்து அணைத்தார்.

உண்மையைச் சொல்லி இதை முடித்துவிடுவது என்று டோக்கன் தீர்மானித்தாள். ஜாடி போனால் போகட்டும், கிளாஸ் கணக்கிலேயே குடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மருத்துவமனையில் கடைசி டோக்கன் இழுத்துவிட்டது. அவள் படியிறங்கும்போது கணவர் சன்னலோர மேஜையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவள் நேராகக் கல்லாவுக்குப் போனாள். முதலாளியம்மா கிளாஸ்களைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. அக்கான்னு ஒருத்தரே கிடையாது. ஜாடிக்காக நான் சொன்ன பொய் அது. நாங்க ரெண்டே பேர்தான்."

"ரெண்டு பேர்தான்னு தெரியுமே. மத்தியானமே வந்து சொல்லிட்டுப் போனாங்களே."

"யாரு சொன்னது?"

"அந்த அக்காதான். இனிமே தம்பியும் நானும் மட்டுந்தான் வருவோம், எங்களுக்கு ஜாடி குடுப்பீங்களான்னு கேட்டாங்க. சட்டம் சட்டம்தான், ஆனா இத்தன நாள் வாடிக்கையாச்சே. சரின்னுட்டேன்." முதலாளியம்மா கிளாஸை இறக்கிவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கும் மரியாதையோடு அவளைப் பார்த்தார். "நீங்க யாரப் பாக்கணும்மா?"

டோக்கன் திரும்பினாள். சன்னலோர மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ். மூன்றாவது நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அவள் கிட்டே போய், "ஏங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள். ஈ உட்கார்ந்ததைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டார். மீசைக்கார சர்வர் தட்டோடு அவளை உரசிக்கொண்டு போனார், ஒரு 'மேடம்'கூட இல்லை.

போய்விடலாம் என்றுதான் கால் நகர்ந்தது. அப்போது அவர் எதிர் நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"உனக்குத் தெரியாதுக்கா. அவ நம்பர் கூப்பிடுவா பாரு, அந்தக் குரல். அதக் கேக்குறதுக்குன்னே கல்யாணத்துக்கு முன்னாடி பல்லு வலின்னு பொய் சொல்லி நாலு தடவ போயிருக்கேன். நல்ல பல்லு ஒண்ணப் புடுங்கிட்டாங்க. புடுங்கட்டும்னு விட்டுட்டேன். இதுவரைக்கும் அவகிட்ட இத நான் சொன்னதே இல்ல."

டோக்கன் நின்றுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எத்தனை ஜாடிக்குப் பிறகும் இது வந்ததில்லை. அவளுக்குச் சொல்லப் போவதும் இல்லை. அவளைப் பற்றியதுதான், ஆனால் கேட்கிற இடம் அந்த நாற்காலியில்தான் இருந்தது.

நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது. அவள் சுற்றிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தாள். யாரோ அப்போதுதான் எழுந்துபோனதுபோல் சூடாக இருந்தது. சூடு அவளுக்குள் ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் நிமிர்ந்து நேராக அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"எங்கக்கா போன? பாதியில எழுந்து போறதே உனக்கு வழக்கமாப் போச்சு."

டோக்கன் எதிரே இருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"எங்கயும் போகலடா," என்றாள். "நீ மிச்சத்தச் சொல்லு."