இரண்டு சம்பந்திகளும் ஒரு மிதிபடகும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மகள் சொல்லிவிடுவாள். மருந்துக் கடை நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்? டாக்டர் எழுதின சீட்டை நீட்டி, "இதுல எது தேவையில்ல, சொல்லுங்க" என்று என்னிடமே கேட்கிறவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேன். இந்த ஊரில் ஒரே ஒருவரிடம்தான் ஆறு வருடமாக வாயை அடக்கி வைத்திருந்தேன். அவர் என் சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் அம்மா.

சம்பந்தியம்மா முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அடித்துத் தந்த விரல்கள். சொந்தமாகப் பேசுவது மட்டும் மிகக் குறைவு. கல்யாணப் பேச்சு நடந்த நாளில் நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசினார். அந்த ஒன்றும் "சரி" என்றுதான் இருந்தது. சரி என்று சொல்கிற மாமியார் என் மகளுக்குக் கிடைத்ததே போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தப் புண்ணியவதியிடம் என் வாய்த்துடுக்கைக் காட்டி எதையும் கெடுத்துவிடக் கூடாது என்பது என் சபதம்.

கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு அவர்கள் வீட்டில் போய் நின்றேன். சின்னஞ்சிறுசுகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சம்பந்தியம்மா சமையலறையில் பாத்திரச் சத்தம் வராமல் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். புதுசாகக் கல்யாணமானவர்கள் தூங்குகிற வீட்டில் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்து என்ன செய்வது? "கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?" என்றார். பழப்பையோடு கிளம்பினேன்.

பத்து நிமிட நடையில் ஏரி. மழைக்காலம் முடிந்து தண்ணீர் தளும்பி நின்றது. கரையில் அன்னத்தின் கழுத்து வைத்த மிதிபடகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எனக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீரையும் நான் நம்புவதில்லை. அந்தப் படகுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது சம்பந்தியம்மா கேட்டார்:

"போலாமா?"

மாப்பிள்ளையின் அம்மா கேட்கிறார். முதல் தடவை ஆசைப்பட்டு ஒன்று கேட்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்ல?

"ஓ, போலாமே. எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றேன்.

அவ்வளவுதான். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அடுத்த ஞாயிறும் போனோம், அதற்கு அடுத்ததும் போனோம். மழை முடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிற வரை நாலு மாதம், வாராவாரம் அரை மணி நேரம், ஆறு வருடம். படகுத்துறைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டதும் மூன்றாம் நம்பர் படகை அவிழ்த்து வைத்துவிடுவார். நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு வலி மாத்திரை போட்டு, முட்டியில் தைலமும் தேய்த்துக்கொள்வேன். திரும்பி வந்ததும் மறுபடி தைலம் தேய்த்துக்கொண்டு, வேண்டா வெறுப்புக்குப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்த கதையாக, என் மகளிடம் போனில் "இன்னிக்கும் படகு பிரமாதம்டி" என்பேன்.

ஆனால் படகைவிட்டு இறங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் இருந்ததே, அதைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. குளிர்கால வெயில் முதுகில் விழும். ஃபிளாஸ்கில் டீ. நான் ஆரஞ்சு உரிப்பேன், சம்பந்தியம்மா சுளையிலிருந்து நார் எடுப்பார். நான் கடைக்கு வந்தவர்களின் கதையைச் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் யாரையாவது பார்த்து மெல்ல ஒன்று சொல்வார். தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒருவரைப் பார்த்து, "வழக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்றார் ஒருநாள். மூக்கில் டீ ஏற நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் எழுந்து போய்விட்டார். கணவர் போய், மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கதவடைத்த கடை மாதிரி இருந்தது. அதைத் திறந்து வைத்தவர் சம்பந்தியம்மாதான். அதற்காகப் படகு என்ன, கப்பலே மிதித்திருப்பேன்.

போன புதன்கிழமை மகள் கடைக்கு வந்தாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல், அடுத்த மாதமே போக வேண்டும் என்றாள்.

"உங்க அத்தை?" என்று கேட்டேன்.

"அத்தையும்தான். பின்ன தனியாவா விட்டுட்டுப் போவோம்?" என்றாள் மகள்.

மகள் போவதற்கு நான் எப்போதோ மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். வெளியூர் போகாத பிள்ளைகள் இப்போது யார் வீட்டில் இருக்கிறார்கள்? ஆனால் சம்பந்தியம்மா போவார் என்பதை நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தைக் கொடுத்துவிட்டேன். நல்ல வேளை, பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

போகாதீர்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எந்த முகத்தோடு சொல்வது? மகனோடு போய் இருக்கப் போகிற அம்மாவிடம், பெண்ணின் அம்மா போய் "நீங்க போகாதீங்க" என்றால் அதற்கு என்ன அர்த்தம் வரும்? தன் மகள் தனிக்குடித்தனம் நடத்த வழி பார்க்கிறாள் என்றுதான் ஊரும் நினைக்கும், உலகமும் நினைக்கும். சம்பந்தியம்மாவே நினைத்துவிட்டால்? மூன்று நாள் அந்தச் சொல்லை மென்று விழுங்கிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகும்போது, இன்றைக்குக் கேட்டே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

படகு நடு ஏரிக்கு வந்தது. திருப்பும் பிடி வழக்கம்போல் சம்பந்தியம்மா கையில்.

"சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேளுங்க."

"இந்த வருஷம் தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி, இல்ல?"

"ஆமா" என்றார்.

என்னை நானே திட்டிக்கொண்டு மிதித்தேன். கொஞ்ச தூரம் போனதும் மிதி கனத்தது. திரும்பிப் பார்த்தால் சம்பந்தியம்மா காலை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டார். பிடியையும் விட்டுவிட்டார். படகு தன்பாட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது.

"என்ன ஆச்சு?"

"முட்டி" என்றார்.

கடைக்காரி புத்தி முந்திக்கொண்டது. "எந்த முட்டி?"

"ரெண்டும்."

"எத்தன நாளா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆறு வருஷமா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் நம்ப முடியவில்லை. "ஆறு வருஷமா முட்டி வலியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? மருந்துக் கடையே வச்சிருக்கேன் நான்."

"அதனாலதான் சொல்லல. உங்க கடையில வாங்கினா உங்களுக்குத் தெரிஞ்சிடும். பஸ் ஏறிப் போய் வேற கடையில தைலம் வாங்கிட்டு வருவேன்."

ஆறு வருடமாக இந்தப் படகில் அடித்த தைல வாசனையை என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் சேர்ந்து வந்தது.

"அப்ப எதுக்கு வாராவாரம் மிதிச்சீங்க? யாரு கேட்டா?"

"உங்களுக்குப் படகுன்னா உயிராச்சே."

"எனக்கா?"

"நீங்கதானே சொன்னீங்க" என்றவர், சாட்சி வாக்குமூலத்தை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் ஒப்பித்தார்: "'ஓ, போலாமே. எனக்கு ரொம்ப நாளா ஆசை.' முதல் ஞாயித்துக்கிழமை, காலையில எட்டே கால் மணி."

"அது மரியாதைக்குச் சொன்னது. 'போலாமா'ன்னு கேட்டது நீங்கதானே?"

"நீங்க வச்ச கண்ணு வாங்காம படகையே பாத்துட்டு நின்னீங்க. ஆசைப்படறாங்க, கேக்கக் கூச்சப்படறாங்கன்னு நெனச்சேன்."

"பயந்து போய்ப் பாத்தேன். எனக்குத் தண்ணின்னாலே ஆகாது. வலி மாத்திரை போடாம ஒரு வாரம்கூட இதுல ஏறினதில்ல."

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முட்டியைப் பிடித்துக்கொண்டு, படகு ஆடுகிற ஆட்டத்தில் பக்கத்துக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோதுதான் எனக்குள் சுருக்கென்றது. படகு மரியாதைக்கு என்றால் பெஞ்சு? என் வளவளப் பேச்சையெல்லாம் அவர் கேட்டது? அதுவும் பெண் கொடுத்தவள் மனம் நோகக் கூடாது என்ற மரியாதைதானோ? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, கேட்க வந்தது ஒன்று, கேட்க வேண்டியதாக ஆனது வேறொன்று.

"அப்ப ஞாயித்துக்கிழமை மொத்தமும் மரியாதைக்குத்தானா?" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

சம்பந்தியம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படகு மட்டும்தான்" என்றார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார். "வெள்ளிக்கிழமையே பையன்கிட்ட சொல்லிட்டேன், நான் வரல, நீங்க ரெண்டு பேரும் போய் நல்லா இருங்கன்னு. உங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்னு உங்க பொண்ணு வாயையும் கட்டிப் போட்டேன். ஏம்மா வரலைன்னு பையன் கேட்டான். என்ன சொல்றதுன்னு தெரியல. உன் மாமியார் ஒத்தை ஆளாப் போனா படகு குடுக்க மாட்டாங்கடான்னு சொன்னேன்."

எனக்கு ஆகவே ஆகாத படகுக்காக, தனக்கும் ஆகாத படகை மிதிக்க, பெற்ற பிள்ளையோடு போகாமல் இங்கேயே இருந்துவிட முடிவு செய்திருக்கிறார். சாமர்த்தியக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. மருந்துக் கடைக்காரி, ஐம்பத்தெட்டு வயதில், அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு மூணு நாளா தூங்கல" என்றேன். "நீங்க எனக்குக் கெடச்சது பெரிய விஷயம். என் பொண்ணுக்கு மாமியாராக் கெடச்சீங்கன்னு சொல்லல. எனக்குக் கெடச்சீங்க."

"சரி" என்றார் சம்பந்தியம்மா. வழக்கமான சரிதான். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப கரைக்குப் போகணும். என்னால மிதிக்க முடியாது."

"என்னாலயும் முடியாது."

இரண்டு பேரும் கையை ஆட்டினோம். படகுத்துறைக்காரர் மோட்டார் படகை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் அன்னத்தின் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். கரையில் நின்ற கூட்டம் முழுக்க எங்களையே வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் படகுச் சவாரி சுகமாக இருந்தது.

பாதி வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் போய்விட்டால் அந்தப் பெரிய வாடகை வீட்டில் சம்பந்தியம்மா ஒற்றை ஆளாக என்ன செய்வார்?

"எங்க வீட்டுக்கு வந்திடுங்களேன்" என்றேன். "பொண்ணோட ரூம் சும்மாத்தான் கெடக்குது. காத்தோட்டமான ரூம்."

அவர் வாய் திறக்கப் போனார். சரி என்றுதான் சொல்லப்போகிறார். அந்தச் சரியை நம்பி இன்னும் ஆறு வருடம் ஓட்ட நான் தயாராக இல்லை.

"இருங்க" என்றேன். "மரியாதைக்குச் சொல்லாதீங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்."

சம்பந்தியம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தீர்ப்பு சொல்லுமுன் யோசிக்கிறவரைப்போல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்" என்றார். "ஒரே வீட்டுல இருந்தா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்துக் குடுத்தே செத்துப் போயிடுவோம். உங்க தெருவுலயே ஒரு சின்ன வீடாப் பாருங்க. சண்டை போட்டா கோவிச்சிட்டு நடந்து போற தூரத்துல."

ஆறு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வேண்டாம் அது. அவருடைய அத்தனை சரிகளையும் கேட்டபோது வராத சந்தோஷம் எனக்கு அப்போது வந்தது.

"ரெண்டு வீடு தள்ளி ஒண்ணு காலியாகுது" என்றேன். "ஆனா சமையலறை சின்னது. உங்களுக்குச் சரிப்படாது, இப்பவே சொல்லிட்டேன்."

"அதை நான் பாத்துச் சொல்றேன். நீங்க சொல்லாதீங்க" என்றார் சம்பந்தியம்மா.

எங்கள் முதல் சண்டை கரை சேருகிற வரை நடந்தது.