சிவப்புத் துணி கட்டிய படகு

செஃப்னாத் தன் அக்கா புருஷன் லோட்விக்குக்குத் தரவேண்டியது இருபத்தேழு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபியா. படகுக்கு எஞ்சின் போடக் கேட்டு வாங்கிய பணம்.

அந்தப் பணம் லோட்விக்குக்குச் சும்மா வந்துவிடவில்லை. அடுத்தவன் தோப்பில் கூலிக்கு மரம் ஏறி, தேங்காய் உரித்து, உடைத்து, புகையில் கண் எரிய எரியக் கொப்பரை போட்டுச் சேர்த்தது. வருஷக்கணக்காக உரிகம்பியில் தேங்காயைக் குத்திக் குத்தி அவனுடைய வலது உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கும். சோற்றைக்கூட இடது கையால் தாங்கித்தான் வாயில் போட வேண்டும். அப்படிச் சேர்த்ததை, செத்துப்போன பெண்டாட்டியின் தம்பி வந்து கேட்கிறானே என்று எடுத்துக் கொடுத்தான்.

கொடுத்ததில் ஒரு ரூபியா திரும்பி வரவில்லை. மீன்பாடு இல்லை என்றான், பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்றான், அடுத்த மாசம் என்றான். அடுத்த மாசமும் அடுத்த மாசம் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் செஃப்னாத் புதுக் கைபேசியைத் தடவிக்கொண்டு நிற்பதை லோட்விக் பார்த்தான்.

மறுநாளே மத்தக்காவ் கட்டினான். கிராம்பு மரத்திலும் தென்னையிலும் திருட்டுக்குப் பயந்து கட்டுவதுதான் மத்தக்காவ். சிவப்புத் துணியில் சிப்பியை வைத்து முடிச்சுப் போட்டு, இன்னது நடக்கட்டும் என்று சொல்லிக் கட்டிவிட்டால் அந்தத் தீவில் எவனும் அந்த மரத்தின் நிழலில்கூட ஒதுங்க மாட்டான். கட்டியிருந்த மரத்தில் கைவைத்த ஒருவன் வயிறு வீங்கிச் செத்ததைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். லோட்விக் முரட்டுத் துணியாகப் பார்த்து எடுத்தான். மழையில் இற்றுப்போகாமல் இருக்க, தேங்காயெண்ணெயில் உருக்கிய குங்கிலியத்தில் முக்கினான். கொண்டுபோய் மரத்தில் கட்டவில்லை. மணலில் ஏற்றிக் கிடந்த செஃப்னாத்தின் படகு மூக்கில் கட்டினான்.

மரம் நின்ற இடத்தில் நிற்கும், படகு அப்படியா, இதுவரை யாரும் படகுக்குக் கட்டியதில்லையே என்று ஊர்த்தலைவர் முணுமுணுத்தார். லோட்விக் காதில் வாங்கவில்லை. கூடியிருந்தவர்கள் கேட்கச் சத்தமாகச் சொன்னான்.

“இவன் வாங்கின கடன் கடைசி ரூபியா வரைக்கும் என் கைக்கு வந்து சேர்ற வரைக்கும் இந்தப் படகு கடல்ல எறங்கக் கூடாது. எறங்கினா, உள்ள இருக்கிறவங்கள கடல் எடுத்துக்கட்டும்.”

அன்றைக்கு மணலில் நின்றுவிட்ட படகு, மழைக்காலம் கழிந்து வெயில் காலம் வந்த பிறகும் அங்கேயே கிடந்தது. பிள்ளைகள் பந்து அந்தப் பக்கம் உருண்டால் போனது போனதுதான். செஃப்னாத் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். அத்தானும் மச்சினனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். லோட்விக்கின் ஒரே மகள் யொசினா மட்டும் மாமன் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அவள் வயிற்றில் பிள்ளை. புருஷன் தொலைவில் வேறொரு தீவுச் சுரங்கத்தில் வேலை பார்த்தான்.

ஒரு நாள் பக்கத்துத் தீவில் புதுத் தேவாலயம் திறப்பு. விடிந்ததும் ஊரே பாட்டும் மேளமுமாகக் கிளம்பிவிட்டது. மிதக்கிற படகு ஒன்றுகூட மிச்சமில்லை. பிரசவ நேரம் நெருங்கிவிட்டதால் யொசினா போகவில்லை, அவளுக்காக லோட்விக்கும் போகவில்லை. செஃப்னாத்தை எத்தனையோ பேர் தங்கள் படகில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சொந்தப் படகு வெயிலில் கிடக்க, அடுத்தவன் படகில் உட்கார்ந்து பாட்டுப் பாடப் போவேனா என்று வீம்பாகத் தங்கிவிட்டான்.

மதியத்துக்கு முன்பே யொசினாவுக்கு வலி கண்டது. அவளுக்காகத் தங்கியிருந்த மருத்துவச்சி மர்த்தினா உள்ளே போனவள், போன வேகத்தில் ரத்தக் கையோடு வெளியே வந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ரத்தம் நிற்காமல் போகிறது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அவர்கள் படகு வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு வேறு திசையில் போயிருக்கிறது. கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் படகுகள் வெளியேறும் பவளப்பாறை வாயில் பாறை வெளியே தெரிந்துவிடும். அப்புறம் ராத்திரி கடல் ஏற்றம் வரும் வரை எந்தப் படகும் வெளியேற முடியாது.

லோட்விக் கரைக்கு ஓடினான். செஃப்னாத் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான்.

“மாப்ள, படக எறக்கு.”

அத்தனை மாசம் கழித்து வந்த முதல் பேச்சு. செஃப்னாத் தலையைத் தூக்கவில்லை.

“எந்தப் படக?”

“யொசினாவுக்கு ரத்தம் போகுதுடா. மர்த்தினா கைய விரிச்சிட்டா.”

வலை கீழே விழுந்தது. செஃப்னாத் எழுந்து படகை நோக்கி ஓடினான். அதன் மூக்குக்குக் கைக்கெட்டும் தூரம் வந்ததும், யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல நின்றுவிட்டான். வெயிலில் வெளுத்த சிவப்புத் துணி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

லோட்விக் அவனைத் தாண்டிப் போனான். “நான்தான கட்டினேன். நானே அவுத்துடறேன்.”

“துணிய அவுத்துடுவீங்க. சொன்ன சொல்ல?”

“கடன் வேணாம். விட்டுட்டேன். ஒத்த ரூபியா வேணாம் எனக்கு. போதுமா?”

“பயத்துல விடறீங்க அத்தான். கைக்கு வந்து சேர்ற வரைக்கும்னுதான சொன்னீங்க? ஊரே கேட்டுச்சு.” செஃப்னாத் அந்தத் துணியைக் காட்டினான். “நான் மட்டும்னா இப்பவே எறக்கிட்டுப் போயிடுவேன். செத்தா செத்துட்டுப் போறேன். அவளயில்ல உள்ள படுக்க வெக்கச் சொல்றீங்க? எங்கக்கா பொண்ண.”

பழி வாங்குகிறான் என்று லோட்விக் நினைத்தான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். பிடித்த பிறகுதான் அந்தக் கண்ணைப் பார்த்தான். அதில் பழி எதுவும் இல்லை. மகளைப் பெற்ற தன் கண் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னவன் லோட்விக்தான். அவனுக்கு மட்டும் நம்பிக்கை இல்லாமலா கட்டினான்?

மர்த்தினாவும் ஊரில் தங்கியிருந்த இரண்டு பெண்களும் சாரத்தைத் தூளியாகக் கட்டி யொசினாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மணலில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

“உங்க கணக்க அப்புறம் பாருங்கடா,” என்றாள் மர்த்தினா. “தண்ணி எறங்குது.”

செஃப்னாத் அத்தானின் கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான்.

“என்னக் கூலிக்குக் கூப்பிடுங்க.”

“என்னது?”

“அக்கரைக்கு ஓட்டறதுக்குக் கூலி பேசுங்க. இருபத்தேழு லட்சத்து ஐம்பதாயிரம்.”

ஐம்பதாயிரத்துக்குப் போகிற தூரத்துக்கு என்ன கேட்கிறான் பார், சொந்த மாமனா இவன் என்று மர்த்தினா காறித் துப்பினாள். லோட்விக்குக்கு மட்டும் புரிந்தது. அவன் பிடுங்கவில்லை, ஓட்டுகிற கூலியைக் கொண்டே கடனை அடைக்கப் பார்க்கிறான். வாழ்நாள் முழுக்கக் கூலி வேலை செய்தவனுக்கு அதன் மறுபக்கமும் தெரியும்.

“வேலை முடிஞ்சாத்தான் கூலி,” என்றான் லோட்விக்.

“ஆமா. அக்கரை சேர்ந்தாத்தான். அதுவரைக்கும் அந்தத் துணியும் கூட வரட்டும், கடனத் தீர்க்கத்தான் எறங்கறோம்னு அதுக்குத் தெரியணும். நீங்களே மடியில வெச்சுக்கிட்டு வாங்க.”

லோட்விக் படகு மூக்கிலிருந்து மத்தக்காவை முடிச்சு அவிழாமல் கழற்றி மடியில் செருகிக்கொண்டான். எல்லாருமாகப் படகைத் தள்ளினார்கள். எஞ்சின் இழுக்க இழுக்க இருமியது, செத்தது, மறுபடி இருமியது. செஃப்னாத் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஊதி, மாட்டி இழுத்ததும் பிடித்துக்கொண்டது. பாறை வாயைக் கடக்கும்போது அடிப்பலகை கரகரவென்று உரசியது. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். படகு தாண்டிவிட்டது.

வெளியே காற்று இருந்தது. அலை பெரிதில்லை, ஆனால் விடாமல் வந்தது. யொசினா மர்த்தினாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அவள் முகம் மரவள்ளிமாவுபோல வெளுத்திருந்தது.

“அப்பா, முதுகு நனையுது,” என்றாள்.

ரத்தம் என்று நினைத்து லோட்விக் குனிந்தான். தண்ணீர். மேலே இருந்து அடித்த தண்ணீர் இல்லை, அடியிலிருந்து ஊறி வந்தது. மாசக்கணக்காக வெயிலில் கிடந்ததில் பலகைகள் சுருங்கி, இணைப்பெல்லாம் வாய் திறந்திருந்தது. கடலில் கிடந்திருந்தால் பலகை ஊறி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருந்திருக்கும். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாபம் இனிமேல் வந்து பலிக்க வேண்டியதில்லை. அவன் துணியைக் கட்டிய அன்றே அது வேலையைத் தொடங்கிவிட்டது.

வெட்டிய எண்ணெய்க் கேனை எடுத்து இறைத்தான். வலது கை பிடிக்கவில்லை, கேன் நழுவியது. இடது கையால் இறைத்தான். இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறியது. சட்டையைக் கிழித்து ஒரு வெடிப்பில் திணித்தான், அது நின்றது. நடுப்பலகைக்குப் பக்கத்தில் பெரிய வெடிப்பு. அதில் மிச்சச் சட்டையைத் திணித்தால் தண்ணீர் அதைக் கையோடு தள்ளி வெளியே துப்பியது. மர்த்தினாவிடம் இருந்த துணியெல்லாம் யொசினாவின் காலிடுக்கில் இருந்தது. எஞ்சினின் சத்தம் மாறத் தொடங்கியது, படகு கனத்துவிட்டது.

லோட்விக் மடியைத் தொட்டுப் பார்த்தான். குங்கிலியம் ஏறிய முரட்டுத் துணி. படகுக்கு இணைப்பு அடைக்கிறவன் தேடிப் பிடித்து வாங்குகிற மாதிரித் துணி.

செஃப்னாத் பார்த்துவிட்டான். “அவுக்காதீங்க அத்தான். இன்னும் கரை வரல.”

“கரை வரணும்னா அவுக்கணும்.”

“கூலி தீரலையே. வேண்டாம், சொல்றதக் கேளுங்க.”

லோட்விக் மகளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிவிட்டாள். நான் சொன்ன சொல்லுக்கு எடுக்கணும்னா என்னை எடுத்துக்க, அவளை விட்டுடு என்று கடலிடமோ கர்த்தரிடமோ சொன்னான், யாரிடம் என்று அவனுக்கே தெரியாது. விரல் மடங்காததால் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். வாயெல்லாம் குங்கிலியக் கசப்பு. முடிச்சு விட்டதும் சிப்பி உருண்டு படகுக்குள் நின்ற தண்ணீரில் விழுந்தது. துணியை முறுக்கி வெடிப்பில் வைத்து, படகில் கிடந்த கத்தியின் பின்பக்கத்தால் குத்திக் குத்தி இறக்கினான். உரிகம்பியில் தேங்காய் குத்துகிற அதே குத்து.

செஃப்னாத் சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்தான். கண்ணை மூடவில்லை, எஞ்சின் பிடியை விடவும் இல்லை.

துணி நின்றது. ஓரத்தில் கசிந்தது, ஆனால் நின்றது. லோட்விக் இறைத்தான். கை மரத்துப்போய், தோள் யாருடையதோ என்று ஆன பிறகும் இறைத்துக்கொண்டே இருந்தான். துறைமுக மேடையில் தூக்குக்கட்டிலோடு ஆட்கள் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தபோதும் நிறுத்தவில்லை.

யொசினாவை உள்ளே கொண்டுபோன பிறகு அவன் ஆஸ்பத்திரிச் சுவரோரம் வெற்று உடம்போடு உட்கார்ந்திருந்தான். யாரோ டீ கொடுத்தார்கள், அது கையிலேயே ஆறிப்போனது. வெயில் சாய்ந்த பிறகு மர்த்தினா வந்து அவன் தலையில் கைவைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் எழுந்து துறைக்கு நடந்தான்.

செஃப்னாத் படகைவிட்டு ஏறவேயில்லை. உள்ளே முழங்கால் தண்ணீரில் நின்று இறைத்துக்கொண்டிருந்தான். மேலே போய் விசாரிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அத்தானைக் கண்டதும் கேனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

“ரெண்டு பேரும் இருக்காங்க,” என்றான் லோட்விக். “பொட்டப்புள்ள. உன்ன மாதிரியே மூக்கு, பாவம்.”

செஃப்னாத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு தடவை கழுவிக்கொண்டான். கழுவியது தண்ணீரா வேறா என்று லோட்விக் பார்க்கவில்லை. படகில் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“திரும்பிப் போற கூலி தனி, அத்தான்.”

“அடுத்த மாசம் தரேன்.”

செஃப்னாத்துக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவிச் சிப்பியை எடுத்து நீட்டினான். அந்தத் துணியை அவன் தொடவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

லோட்விக் சிப்பியை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றான். மேடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றான். அவர்கள் மூட்டையோடு நின்று பார்த்தார்கள்.

“இவன் எனக்குத் தர வேண்டியது இருபத்தேழு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபியா. இன்னிக்கு என் கைக்கு வந்து சேர்ந்துடுச்சு. கடைசி ரூபியா வரைக்கும்.”

சொல்லிவிட்டு, மடங்காத கையால் சிப்பியைக் கடலில் எறிந்தான்.