வொல்கோஷின் கடைசி மூச்சு

லோர்ன் பெட்ரிஷின் சாகாத இடம் வான்கூவரில் இல்லை. ஸ்டான்லி பூங்காவின் புதரில் செத்திருக்கிறான். பாலத்துக்கு அடியில், மீன்பிடி படகில், பணக்காரர் வீட்டு நீச்சல் குளத்தில், ஒரு தடவை குப்பைத்தொட்டிக்குள்ளும். காலையில் ஓடப் போகிற பெண் ஒருத்தி அவனைப் பார்த்து அலறுவாள். துப்பறிகிறவர்கள் காப்பிக் கோப்பையோடு வந்து நிற்பார்கள். லோர்ன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பான். படத்தில் அந்த ஊருக்குப் பெயர் சியாட்டில். எங்கள் ஊர் ஒரு நாள் சிகாகோ, மறுநாள் நியூயார்க். வான்கூவர் வான்கூவராகவே நடித்து நான் பார்த்ததில்லை. ஊரே இப்படியென்றால் நாங்கள் மட்டும் எப்படி உருப்படுவோம்?

அவன் என் முன்னாள் புருஷன். என் பெயர் கோரின். அறுபது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தொழில், பத்து வயதுப் பையனாக இருப்பது. சனிக்கிழமை காலையில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவராக இருந்தால் என்னை உங்களுக்குத் தெரியும். பாதாள லோகத்தின் பேரரசன் வொல்கோஷை வாரா வாரம் உதைத்து விரட்டிய டாபி நான்தான். வொல்கோஷுக்குக் குரல், லோர்ன்.

கல்யாணமான புதிதிலும் அவனை மைக்குக்கு முன்னால் உதைத்தேன். விவாகரத்து முடிந்த அடுத்த திங்கட்கிழமையும் உதைத்தேன். "இன்னைக்கு உங்க குரல்ல ஒரு தனி உயிர் இருக்கு கோரின்," என்று அப்போதைய டைரக்டர் புல்லரித்துப் போனார். இருக்காதா பின்னே.

லோர்னிடம் குடி இல்லை, சூது இல்லை. ஒரே ஒரு கோளாறு. உண்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால் வொல்கோஷுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். "மானிடப் பெண்ணே, என் சாம்ராஜ்யத்தில் பாதி உனக்கு!" என்று அந்த இரும்புத் தொண்டையில்தான் என்னைப் பெண் கேட்டான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன். என் அம்மா இறந்தபோதும் அதே தொண்டையில் துக்கம் விசாரித்தான். மாமாக்கள் சவப்பெட்டியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். கடைசியில் நான் பெட்டியோடு கிளம்பிய நாளில் சமையலறையில் நின்றுகொண்டு, "போ! பாதாளத்தின் கதவுகள் திறந்தே இருக்கும்!" என்று முழங்கினான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் நல்ல நண்பர்கள். ஒரே வீட்டில் இல்லை என்றால் அவன் தங்கமான மனுஷன்.

போன வருஷம் எங்கள் கார்ட்டூனைப் பெரிய சினிமாவாக எடுக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. ஊரே லோர்னுக்கு வாழ்த்துச் சொன்னது. அவனும் புதிதாக ஒரு கோட் வாங்கினான். வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? வொல்கோஷுக்கு ஹாலிவுட் நட்சத்திரம் ஒருவனைப் போட்டுவிட்டார்கள். பற்பசை விளம்பரத்தில் பல்லைக் காட்டுவானே, அவன். டாபிக்கு நிஜமாகவே பத்து வயதான பையன். எங்கள் ஏஜென்ட் ரோவீனா இதை லோர்னுக்குப் போனில் சொன்னபோது அவன் ஜூலை மாத வெயிலில் ஒரு கிறிஸ்துமஸ் படத்தில் நடித்துக்கொண்டிருந்தான். ஊர் மேயர் வேஷம். கம்பளிக் கோட்டு, மஃப்ளர், தலைமேல் காகிதப் பனி. ஷூட்டிங் முடிந்ததும் அந்த வேஷத்தோடு நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"நான் செத்துப்போயிட்டேன் கோரி," என்றான்.

"அது உனக்குப் புதுசா? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. தரையெல்லாம் பனி கொட்டுது."

"ஆடிஷனுக்குக்கூடக் கூப்பிடலடி. என் குரல எனக்கே ஒரு வார்த்தை சொல்லாம எடுத்துட்டாங்க."

"எனக்கு மட்டும் மாலை போட்டா கூட்டிட்டுப் போனாங்க? நானும்தான் வீட்ல ஒக்காந்திருக்கேன்."

அவன் அழுதான். முகத்தில் ஒட்டியிருந்த காகிதப் பனி நனைந்து கூழானது. நானும் கொஞ்சம் அழுதேன்; ஆனால் அவன் பார்க்காத நேரத்தில்.

குளிர்காலம் ஆரம்பிக்கும்போது ரோவீனா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. என்ன வேலை? கத்துகிற வேலை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வசனத்தையெல்லாம் முதலில் பேசி முடித்துவிட்டு, அடி, உதை, விழுகிறது, எரிகிறது, சாகிறது எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் கத்தி எடுப்போம். முதலில் கத்தினால் தொண்டை போய்விடும். அப்புறம் வசனம் பேச ஆள் இருக்காது. அந்த நட்சத்திரம் தன் வசனத்தைப் பேசிவிட்டு, கத்தல் வந்ததும், "அடுத்த படத்துக்குத் தொண்டை வேணும்," என்று காரில் ஏறிவிட்டானாம். குழந்தையை அவ்வளவு நேரம் கத்த விடக்கூடாது என்று அந்தப் பையனின் அம்மாவும் சொல்லிவிட்டாளாம். ஆகவே கத்துவதற்கு வான்கூவரில் மலிவாக யாராவது கிடைப்பார்களா என்று தேடினார்கள். தேடித் தேடி எங்களிடமே வந்தார்கள்.

லோர்ன் கொதித்தான். "என் சிம்மாசனத்துல எவனோ ஒக்காருவான், அவனுக்கு நான் ஓன்னு ஒப்பாரி வைக்கணுமா? முடியாதுன்னு சொல்லிடு."

"கதை கேட்டியா நீ?"

"எதுக்குக் கேக்கணும்?"

"இதுல வொல்கோஷ் சாகறான்."

எரிமலையில் விழுந்தும், குப்பை லாரியில் நசுங்கியும், விண்கல் தலையில் இறங்கியும் வொல்கோஷ் ஒரு தடவைகூடச் செத்ததில்லை. அடுத்த சனிக்கிழமை எழுந்து வந்துவிடுவான். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் செத்த லோர்னுக்கு, சாகாமல் இருக்க ஒரே இடம் அதுதான்.

"நெஜமாவா?"

"நெஜமா. திரும்பி வர மாட்டான்."

"யாரு கொல்றா?"

"நான்தான். டாபி."

"அந்தப் பல்லுக்காரன் சாகற எடத்தையும் பேசிட்டானா?"

"கடைசி வசனம் வரைக்கும் பேசிட்டான். சாவு மட்டும் பாக்கி."

லோர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வழக்கம்போல மழை. "வேற எவனும் அவனக் கொல்லக் கூடாது கோரி," என்றான். "எத்தனை மணிக்கு வரணும்?"

ஸ்டூடியோ பக்கத்து ஊரான பர்னபியில் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்லோ, இளம் டைரக்டர், எங்கள் கார்ட்டூனைப் பார்த்தே வளர்ந்தவன். எங்களைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, கூடவே வெட்கமும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டெவ்ரா என்ற தயாரிப்பாளர் லைனில் இருந்தாள். அவள் முகம் தெரியாது. கூரையில் மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து குரல் மட்டும் வரும், சாமி மாதிரி.

வாயில் எச்சில் சத்தம் வராமல் இருக்கப் பச்சை ஆப்பிள் கடித்தோம். ஆரம்பித்தோம்.

"லோர்ன், இப்ப ஒரு அம்பு பாயுது," என்றான் ஆர்லோ. "எடது தோள்ல."

"எடதுன்னா கொரல் மாறுமாப்பா?"

"இல்ல... எழுதியிருக்காங்க."

லோர்ன் கத்தினான். சத்தியமாகச் சொல்கிறேன், அது இடது தோள்தான். அப்புறம் சுவரில் மோதினான், பாறையில் உருண்டான், தாடி தீப்பிடித்து எரிந்தான். நான் எட்டி உதைத்தேன், கயிற்றில் தொங்கினேன், ராட்சச வௌவாலிடம் கடி வாங்கினேன். இரண்டு கிழங்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் மாறி மாறி ஊளையிட்டோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணம் இப்படியே நடந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும்.

கடைசியாகச் சாவு.

லோர்னால் முடியவில்லை. கத்தினான், பிரமாதமாகத்தான் கத்தினான். ஆனால் கத்தலின் வாலில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்கிற எவனும், இவன் அடுத்த வாரம் வருவான் என்று சொல்லிவிடுவான். மறுபடி எடுத்தார்கள். மறுபடி.

"என்னங்க இவரு, சாகவே மாட்டேங்கறாரே," என்றது கூரை.

"கொஞ்சம் டயம் குடுங்க டெவ்ரா," என்றான் ஆர்லோ.

"எங்க சேமிப்புல ஆயிரம் அலறல் கெடக்கு. அதுல ஒண்ண எடுத்துப் போட்டுக்கறோம். அவரு பாவம், வீட்டுக்குப் போகட்டும்."

செத்துச் செத்துத் தேர்ந்த ஒருவன், தன்னுடைய சாவை ஒரு பழைய டப்பாவிலிருந்து எடுத்துப் போடப் போகிறார்கள் என்று கேட்டு நின்றான். எனக்குக் கூரையில் ஏறி அவளை இழுத்துப் போட வேண்டும்போல் இருந்தது.

"நான் டாபியோட வசனத்தைக் குடுக்கறேன்," என்றேன் மைக்கில். "ஒரே ஒரு டேக்."

"அத அந்தப் பையன் பேசிட்டானே," என்றாள் டெவ்ரா.

"பேசட்டும். இது படத்துக்கு இல்ல, இவனுக்கு."

ஆர்லோ சட்டென்று பதிவை ஓட விட்டான். புண்ணியவான்.

காகிதத்தில் இருந்ததைத்தான் வாசித்தேன். பாதாளத்தின் வாசலில் டாபி நிற்கிறான். வொல்கோஷ் உள்ளே கிடக்கிறான். லோர்னின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து வயதுக் குரலில் சொன்னேன்: "முடிஞ்சு போச்சு, வொல்கோஷ். நான் கதவச் சாத்தப் போறேன்."

லோர்ன் என்னைப் பார்த்தான். கத்தவில்லை. தூரத்திலிருந்து தூக்கிவந்த மூட்டையை இறக்கி வைக்கிறவன் விடுவானே, அப்படி ஒரு மூச்சு விட்டான். அது பாதியிலேயே நின்றுவிட்டது. மீதி வரும் வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்லோ வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு ஒரு கணம் நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இவனைக் கொன்றேவிட்டேனோ?

"நல்லா இருக்கு," என்றது கூரை. "இதே மாதிரி, இன்னும் கொஞ்சம் சத்தமா ஒண்ணு?"

லோர்ன் மரியாதைக்குச் சத்தமாகவும் ஒன்று கொடுத்தான். நாங்கள் கனடாக்காரர்கள். காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஜாதி.

படம் வந்தது. இரண்டு பேரும் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தோம். அந்த நட்சத்திரம் பீட்ஸாவுக்கு ஆர்டர் கொடுக்கிற மாதிரி பேரரசனைப் பேசினான். லோர்ன் ஒவ்வொரு வசனத்துக்கும் வயிற்றுவலிக்காரனைப்போல நெளிந்தான். பிறகு கதவு சாத்துகிற இடம். அந்த மூச்சு வந்தது. முதலில் மெதுவாக விட்டதுதான், பிறகு சத்தமாக விட்டது அல்ல. ஆர்லோ டெவ்ராவிடம் என்ன சண்டை போட்டானோ தெரியாது. தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றது. முன்வரிசையில் ஒரு குழந்தை, "அவன் பாவம்மா," என்று அழ ஆரம்பித்தது. லோர்ன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெயர்ப் பட்டியல் முடியும்வரை எழுந்திருக்காமல் இருந்தோம். எங்கள் ஊரில் அப்படித்தான். விளக்குக்காரன் பெயர் வந்தால் அவன் மச்சான் கைதட்டுவான். ஷூட்டிங்கில் சோறு போட்டவர்கள் பெயருக்கு எல்லோரும் தட்டுவோம். அதற்கும் வெகு கீழே, 'மற்றக் குரல்கள்' என்று ஒரு கும்பலுக்குள் நாங்கள் இருந்தோம். பெருக்க வந்தவள் துடைப்பத்தோடு முறைத்தாள். நாங்களே எங்களுக்குத் தட்டிக்கொண்டு எழுந்தோம்.

அப்புறம்தான் வேடிக்கை. பத்திரிகைகள் படத்தைக் கிழித்துப் போட்டன. ஆனால் அந்த ஒரு மூச்சை மட்டும் தலையில் தூக்கி வைத்து ஆடின. நட்சத்திரத்தின் வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு என்று ஒருவர். அந்த மூச்சுக்கே விருது கொடுக்கலாம் என்று இன்னொருவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோர்ன் என் வீட்டில் பெரோகி அவித்துக்கொண்டிருந்தான். உருளைக்கிழங்கு வைத்த அந்தக் கொழுக்கட்டை மட்டும் அவன் அம்மா கைப்பக்குவம், குறை சொல்ல முடியாது. நான் போனில் அந்த நட்சத்திரத்தின் டிவி பேட்டியைப் போட்டேன். அந்த மூச்சை எப்படி விட்டீர்கள் என்று கேட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்துப்போன என் நாயை நினைத்துக்கொண்டேன்," என்றான்.

நான் போனைச் சுவரில் அடிக்கப் போனேன். லோர்ன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"விடுடி. நான் செஞ்ச ஒண்ணுக்காக ஒருத்தன் டிவியில பொய் சொல்றான். இதவிட எனக்கு என்ன விருது வேணும்?"

"ரோஷமே கெடையாதாடா ஒனக்கு? நாயாம் நாய்!"

"பாவம், நல்ல நாயா இருந்திருக்கும்."

இரண்டு தட்டிலும் பெரோகியை வைத்து, வதக்கிய வெங்காயத்தைப் போட்டான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"அப்ப நீ என்னத்த நெனச்ச?" என்று கேட்டேன். 'மானிடப் பெண்ணே' என்று ஆரம்பிப்பான், அவன் மண்டையில் ஒன்று போடலாம் என்று காத்திருந்தேன்.

லோர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நீ பெட்டியத் தூக்கிட்டுப் போனப்ப கதவு சாத்துச்சு பாரு," என்றான். "அதுக்கப்புறம் வீட்ல ஒரு சத்தமும் இல்ல. நான் சமையக்கட்டுலயே நின்னுட்டிருந்தேன். அதத்தான் நெனச்சேன்."

அது வொல்கோஷின் குரல் இல்லை. சஸ்காச்சுவான் கோதுமைக் காட்டில் பிறந்த ஒரு சாதாரண ஆளின், கொஞ்சம் மூக்கடைத்த குரல். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவன் எங்களைப் பற்றி என்னிடம் ஒரு உண்மையைச் சொன்னதில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தேன், என் குரல் வரவில்லை.

"ஆறிடப் போகுது, சாப்பிடு," என்றேன், டாபியின் குரலில்.